மன்னிப்பு, மீட்பு, விசுவாச வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைக் கேட்பவர்களில் ஒரு பாதி காயப்பட்டவர்கள், மறுபாதி காயப்படுத்தியவர்கள். பலர் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கிறார்கள். அதனால் பதில்களும் இரு பக்கத்தையும் தொட்டே போகின்றன. வேத வசன எண்களைப் பதிலுக்குள்ளேயே கொடுத்திருக்கிறோம். திறந்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

மன்னிப்பது என்றால் உண்மையில் என்ன செய்வது?

ஒருவர் செய்த தீங்கைக் கடனாக எண்ணிப் பாருங்கள். அவர் உங்களுக்கு ஏதோ ஒன்று தரவேண்டியிருக்கிறது: ஒரு விளக்கம், கெடுத்த பெயர், எடுத்த பணம், வீணாய்ப்போன வருடங்கள். அந்தக் கடனைப் பழிவாங்கியோ, பேசாமலிருந்தோ, பேசிப்பேசிக் குத்தியோ வசூலிக்கும் உரிமை உங்களுக்கு இருப்பதாக மனம் சொல்லும். அந்த உரிமையை நீங்களே விட்டுவிடுவதுதான் மன்னிப்பு.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மன்னிப்புக்கு அதிகம் வரும் சொல் 'அஃபியேமி'. விட்டுவிடுதல், அனுப்பிவிடுதல் என்று பொருள். பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டு இயேசுவின் பின்னே போனார்கள் என்று மத்தேயு 4:20 சொல்லும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று கடனைப் பற்றியே பேசுகிறோம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. "பரவாயில்லை, அது ஒன்றுமில்லை" என்பது மன்னிப்பல்ல. ஒன்றுமில்லை என்றால் தள்ளுபடி செய்யக் கடனே இல்லை. தொகையை முழுதாகப் பார்த்த பிறகு தள்ளுபடி செய்வதே மன்னிப்பு. பாதிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தொகையைப் பார்க்கப் பயந்து, பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து அது வேறொரு கோபமாக வெளியே வருகிறது.

பதினாயிரம் தாலந்து உவமையில் அந்தத் தொகை எவ்வளவு பெரியது?

மத்தேயு 18:23-35: ஒரு ராஜா தன் ஊழியக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து கடனைத் தள்ளுபடி செய்கிறார், அவனோ தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனை மன்னிக்காமல் சிறையில் போடுகிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியு. ஒரு தெனாரியு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். மத்தேயு 20:2-இல் திராட்சத்தோட்டக்காரர் பேசிக்கொண்டதும் அதுதான். ஆகவே 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் கட்டி முடிக்க 2 லட்சம் வருடம் ஆகும். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் ஆண்டுக்கு 200 தாலந்து வருமானம் வந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதியிருக்கிறார். ஒரு சிற்றரசனின் 50 வருட வருமானத்தை ஒரு ஊழியக்காரன் கடன்பட்டிருக்கிறான். "எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் கெஞ்சுவதைக் கேட்டதும் அன்று சுற்றி நின்றவர்களுக்கு அது நடக்காத காரியம் என்று புரிந்திருக்கும்.

மறுபக்கம் நூறு வெள்ளிப்பணம், அதாவது நூறு தெனாரியு. இதைச் 'சொற்பத்தொகை' என்று பிரசங்கங்களில் சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. நூறு தெனாரியு மூன்று மாதத்துக்கும் மேலான கூலி. ஒரு கூலிக் குடும்பம் பட்டினி கிடக்கப் போதுமான இழப்பு. உங்களுக்கு நேர்ந்தது சிறியது என்று இயேசு இங்கே சொல்லவில்லை. அது உண்மையான கடன்தான், ஆனால் நீங்கள் ஏற்கெனவே தள்ளுபடி பெற்ற கடனில் அது 6 லட்சத்தில் ஒரு பங்கு என்கிறார். காயப்பட்டவரிடம் இந்த உவமையைச் சொல்லும்போது முதல் பாதியை மட்டும் அழுத்திச் சொன்னால் அது அவர்மேல் எறியும் கல்லாகிவிடும்.

மன்னித்துவிட்டேன், ஆனால் கோபம் போகவில்லை. அப்படியானால் நான் மன்னிக்கவே இல்லையா?

மன்னித்திருக்கிறீர்கள். தீர்மானம் ஒரு நாளில் எடுப்பது, உணர்ச்சி மெதுவாகப் பின்னே வருவது. எலும்பைச் சேர்த்துக் கட்டிய அன்றே வலி நின்றுவிடாது. வலிக்கிறது என்பதற்காகக் கட்டு போடவில்லை என்று ஆகிவிடாது. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று எபேசியர் 4:26 கோபத்தையும் பாவத்தையும் பிரித்தே சொல்கிறது.

கவனிக்கவேண்டியது கோபத்தின் போக்கை. அது குறைந்துகொண்டே வந்தால், அல்லது வந்தாலும் சீக்கிரம் போய்விட்டால், ஆறுகிறது என்று பொருள். மாதக்கணக்கில் அதே கொதிப்பு, அதே வசனங்கள், மனதுக்குள் அதே வழக்கு விசாரணை என்றால் இரண்டில் ஒன்று: கணக்கில் நீங்கள் இன்னும் பார்க்காத ஒரு வரி இருக்கிறது, அல்லது தீங்கு இன்னும் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது என்றால் முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு.

மன்னித்தால் மறந்துவிட வேண்டும் அல்லவா?

வேண்டியதில்லை. எரேமியா 31:34-இல் தேவன் "பாவங்களை இனி நினையாதிருப்பேன்" என்று சொல்வதை வைத்து இப்படிக் கேட்கிறார்கள். எபிரெய வேதத்தில் தேவன் 'நினைத்தார்' என்றால் அதன்படி செயல்பட்டார் என்று பொருள். யாத்திராகமம் 2:24-இல் உடன்படிக்கையை நினைத்தார், உடனே மீட்கப் புறப்பட்டார். 'நினையாதிருப்பேன்' என்றால் அதை வைத்து உன்மேல் செயல்படமாட்டேன் என்ற வாக்கு. பவுல் தான் சபையைத் துன்பப்படுத்தியவன் என்பதைக் கடைசிவரை மறக்கவில்லை. 1 தீமோத்தேயு 1:13-இல் தானே எழுதுகிறார். அந்த நினைவு அவரைக் கொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் மன்னிப்பே கேட்கவில்லை. நான் ஏன் மன்னிக்க வேண்டும்?

இதில் இரண்டு வசனங்கள் மோதுவது போலத் தெரியும். லூக்கா 17:3, உன் சகோதரன் மனஸ்தாபப்பட்டால் அவனுக்கு மன்னிப்பாயாக என்கிறது, நிபந்தனை இருக்கிறது. மாற்கு 11:25, ஜெபிக்க நிற்கும்போது யார் பேரிலாவது குறை உண்டானால் மன்னியுங்கள் என்கிறது, நிபந்தனை இல்லை.

முதலாவது இருவர் நேருக்கு நேர் நிற்கும்போது நடப்பது, இரண்டாவது நீங்கள் தேவனுக்கு முன் தனியே நிற்கும்போது நடப்பது. தனியே நிற்கும்போது வசூலிக்கும் உரிமையை விடலாம், விடவும் வேண்டும். அதற்கு அந்த மனிதரின் ஒத்துழைப்பு தேவையில்லை. ஆனால் மன்னிப்பை அவர் கையில் கொடுக்க அவர் கையை நீட்ட வேண்டும். சிலுவையில் இயேசு "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று ஜெபித்தபோது வீரர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னிப்பு அவர் பக்கத்தில் ஆயத்தமாக இருந்தது.

கேட்காதவரிடம் போய் "உன்னை மன்னித்துவிட்டேன்" என்று அறிவிப்பது பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே அவர் காதில் விழும். தேவனிடம் சொன்னது போதும்.

மன்னித்தால் பழையபடி சேர்ந்து வாழ வேண்டுமா?

மன்னிக்க ஒருவர் போதும். ஒப்புரவாக இருவர் வேண்டும். பழைய நம்பிக்கை திரும்ப, இருவரோடு காலமும் வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் விளைந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. அடிக்கும் கணவனிடம் "மன்னித்துவிட்டாயே, வீட்டுக்குத் திரும்பு" என்று அனுப்பப்பட்ட பெண்கள் உண்டு. அது வேதம் சொல்லாத ஆலோசனை.

யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் சகோதரர்களால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டார். சகோதரர்கள் தானியம் வாங்க வந்து நின்றபோது உடனே கட்டிப்பிடிக்கவில்லை. சிமியோனைக் காவலில் வைத்தார், பென்யமீனைக் கொண்டுவரச் சொன்னார், அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்தார். பழிவாங்கல் போலத் தெரிந்தாலும் அது சோதனை: தன் தாய் ராகேலின் இன்னொரு மகனான இந்தப் பென்யமீனையும் இவர்கள் கைவிட்டுவிடுவார்களா? அப்போது முன்னே வந்து "அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன்" என்றவன் யூதா. யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்னதும் இதே யூதாதான் (ஆதியாகமம் 37:26-27, 44:33). மாற்றம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே யோசேப்பு தன்னை வெளிப்படுத்தினார். அப்போது அவருக்கு வயது 39 இருக்கும்.

தாவீது வேறு முடிவுக்கு வந்தார். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைக் கொல்லும் வாய்ப்பு இருமுறை கிடைத்தும் தொடவில்லை. இரண்டாம் முறை சவுல், "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா" என்று அழைத்தார். தாவீது போகவில்லை. தான் எடுத்து வந்திருந்த சவுலின் ஈட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வழியே நடந்தார் (1 சாமுவேல் 26). வார்த்தை மாறியும் வழக்கம் மாறாத மனிதரிடமிருந்து தள்ளி நிற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 சொல்லும்போது, கூடாமலும் போகலாம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

காவல்துறையில் புகார் கொடுத்தால் மன்னிக்காததாக ஆகுமா?

ஆகாது. ரோமர் 12-இன் கடைசியில் பழிவாங்காதே என்று எழுதிய பவுல், அடுத்த சில வரிகளிலேயே, 13:4-இல், தீமை செய்பவனைத் தண்டிக்க அதிகாரம் தேவனால் வைக்கப்பட்டது என்கிறார். நீங்கள் விடுவது உங்கள் தனிப்பட்ட பழி. நீதி, மற்றவர்களின் பாதுகாப்பு இவை உங்களுடைய சொத்து அல்ல, விட்டுக்கொடுக்க. பவுலே, தன்னைத் தவறாக அடித்துச் சிறையில் வைத்த அதிகாரிகளை, நேரில் வந்து தன்னை வெளியே அழைத்துப்போகச் சொன்னார் (அப்போஸ்தலர் 16:37).

போப் இரண்டாம் ஜான் பால் 1981 மே 13 அன்று சுடப்பட்டார். நான்காம் நாள் மருத்துவமனையிலிருந்தே, சுட்டவரை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். 1983 டிசம்பரில் சிறைக்குள் போய் அவரோடு பேசினார். ஆனால் இத்தாலியில் அந்த மனிதரின் சிறைவாசம் 2000-இல்தான் முடிந்தது. ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸும் சிறுவர்களான இரு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்டபின், கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னிப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். வழக்கு நடந்தது, தண்டனையும் விழுந்தது. அவர் தொழுநோயாளர்களுக்கான பணியில் தொடர்ந்தார். மன்னிப்பும் நீதிமன்றமும் தத்தம் வழியில் போயின.

குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: சபைக்குள்ளேயே பேசித் தீர்க்க முயலாதீர்கள். முதலில் குழந்தையைப் பத்திரப்படுத்துங்கள், உடனே சட்டப்படி புகார் செய்யுங்கள். போதகரோ குருவானவரோ 'மன்னிப்பு' என்ற சொல்லை அந்தக் கட்டத்தில் எடுக்கவே கூடாது.

எப்படித் தொடங்குவது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஒரு தாளும் தனிமையான ஒரு மணி நேரமும் வேண்டும்.

முதலில், அவர் செய்ததை எழுதுங்கள். "அவர் கெட்டவர்" என்று எழுதாதீர்கள், அது தீர்ப்பு. "என்னைப் பற்றி இன்னாரிடம் இன்ன பொய் சொன்னார்" என்று செயலாக எழுதுங்கள். குணத்தை மன்னிக்க முடியாது, செயலைத்தான் மன்னிக்க முடியும். ஒவ்வொரு செயலுக்கும் எதிரே நீங்கள் இழந்தது என்ன என்று எழுதுங்கள்: தூக்கம், ஒரு நட்பு, ஒரு வேலை, சபைக்குப் போகும் ஆசை. பெரும்பாலும் இந்த இரண்டாம் பத்தியை எழுதும்போதுதான் அழுகை வரும். வரட்டும். 150 சங்கீதங்களில் புலம்பல் ஒரு பெரும் பங்கு. தேவன் அதைக் கேட்டுப் பழகியவர்.

பிறகு வாய்விட்டு, பெயர் சொல்லி, ஒவ்வொரு வரியாக: "கர்த்தாவே, இன்னார் செய்த இந்தக் காரியத்தை மன்னிக்கிறேன். இதற்காக அவரிடம் பழி தீர்க்கமாட்டேன். நீதியை உம் கையில் விடுகிறேன்." மொத்தமாக "எல்லாவற்றையும் மன்னிக்கிறேன்" என்றால் எதையும் தொடாமல் போய்விடும். சொல்ல வராத வரி இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த ஒரு வரிக்கு இன்னொரு நாள் வரலாம். பொய்யாகச் சொல்வதைவிட அது மேல்.

முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள். சட்டநடவடிக்கைக்குத் தேவையான ஆதாரங்களை மட்டும் தனியே பத்திரமாக வையுங்கள். அவை வேறு, இந்தத் தாள் வேறு.

நினைவு திரும்ப வரும். வரும்போது விசாரணையை மறுபடி முதலிலிருந்து நடத்தாமல், "இது தள்ளுபடியான கணக்கு" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். இயேசு ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னதில் ஒரே தவறை 490 தடவை நினைவில் சந்தித்து விடுவதும் அடங்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அடுத்து, மத்தேயு 5:44-இன்படி அவருக்காக ஜெபியுங்கள். ஆனால் "அவர் திருந்தட்டும்" என்று தொடங்காதீர்கள். அவர் உடல்நலம், அவர் பிள்ளைகள் என்று ஏதாவது ஒரு நல்லதைக் கேளுங்கள்.

எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் பத்துப் பேரிடம் சொல்லும்போது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் வசூலிக்கிறோம். நம்பகமான ஒருவர், அதிகம் போனால் இருவர் போதும். கொடிய வன்முறையைச் சந்தித்தவர்கள் இந்தத் தாளைத் தனியே எழுத வேண்டாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் இருக்க எழுதுங்கள்.

மத்தேயு 18:15-17 சொல்லும் முறை எப்போது பொருந்தும்?

சமநிலையில் உள்ள இரு விசுவாசிகளுக்கிடையே வரும் தவறுக்கு. முதலில் தனியே போய்ப் பேசுவது. கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ சாட்சியாக அழைத்துப் போவது. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்வது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் வழக்கமான தவறு. மூன்றாம் படியில் தொடங்கிவிட்டு, முதல் படிக்கு யாரும் திரும்புவதில்லை. ஆள்பலமோ பதவியோ உள்ளவர் பலவீனரைத் துன்புறுத்திய இடத்தில், பாதிக்கப்பட்டவரைத் தனியே அவரிடம் அனுப்ப இந்த வசனத்தைப் பயன்படுத்தக் கூடாது.

தவறு செய்தது நான். எப்படி மன்னிப்புக் கேட்பது?

இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போன இளைய குமாரன் திரும்பப் புறப்படுமுன் ஒத்திகை பார்த்த வாக்கியம் நல்ல மாதிரி (லூக்கா 15:18-19). பாவஞ்செய்தேன் என்று நேராகச் சொல்கிறான். யாருக்கு விரோதமாக என்றும் சொல்கிறான். தனக்கு உரிமை எதுவும் மிச்சமில்லை என்று ஒத்துக்கொள்கிறான். பஞ்சம், நண்பர்கள், தூரதேசம் எதையும் காரணம் காட்டவில்லை.

உங்கள் வாக்கியத்திலிருந்து 'ஆனால்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "உங்களுக்கு வருத்தமாக இருந்திருந்தால்" என்ற தொடரையும் எடுத்துவிடுங்கள். அது தவறை அவருடைய வருத்தத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. "நான் இன்ன நாளில் இன்னதைச் செய்தேன். அது தவறு. அதனால் உங்களுக்கு இன்ன இழப்பு வந்தது. அதைச் சரிசெய்ய இன்னது செய்யப்போகிறேன். மன்னிப்பீர்களா?" இவ்வளவுதான். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். உடனே பதில் எதிர்பார்க்காதீர்கள். அவர் இப்போதுதான் தன் கணக்கைப் பார்க்கத் தொடங்கியிருக்கலாம். உங்கள் மனப்பாரத்தை இறக்கி அவர் மடியில் வைப்பதற்காகப் போவதும் தவறு. அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வது அவருக்குப் புதுக் காயமாகும் என்றால், முதலில் போதகரிடமோ ஆலோசகரிடமோ பேசி முடிவெடுங்கள்.

மன்னிப்புக் கேட்டால் போதாதா? நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டுமா?

வேண்டும். லேவியராகமம் 6:1-7 மிகத் துல்லியமானது: ஏமாற்றி எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடு, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு, பிறகு பலியைக் கொண்டுவா. 10,000 எடுத்திருந்தால் 12,000. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மனிதர், பிறகு பலிபீடம். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23-24 சொல்வதும் இதே வரிசைதான். வரி வசூலித்த சகேயு இதைத் தாண்டிப் போனான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை.

பணமாகத் திருப்ப முடியாதவையும் உண்டு. பொய் சொல்லிப் பெயரைக் கெடுத்தவர், அதே பொய்யை யார் யாரிடம் சொன்னாரோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் தனியே அழுதுவிட்டு வருவது ஈடாகாது. மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணை பேசி, எழுதிக்கொடுத்து, தவறாமல் கட்டுங்கள். பிலேமோனுக்கு எழுதும்போது பவுல், அவருடைய அடிமையான ஒநேசிமுவின் கடனை இல்லையென்று சொல்லவில்லை. "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்றார். யாரோ ஒருவர் கட்டத்தான் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த மனிதர் இறந்துவிட்டால்?

எண்ணாகமம் 5:7-8 இதற்கும் வழி வைத்திருக்கிறது: தீங்கடைந்தவர் இல்லையென்றால் அவருடைய உறவினருக்கு, உறவினரும் இல்லையென்றால் கர்த்தருக்கு. இன்று அதை அவருடைய வாரிசுகளுக்கு, அவர்களும் இல்லாவிட்டால் ஏழைகளுக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் மன்னிக்கவேண்டியவர் இறந்திருந்தால் மேலே சொன்ன தாள் முறை அப்படியே பொருந்தும். கல்லறைக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

தேவன் என்னை மன்னித்தார் என்று நம்ப முடியவில்லை. என்ன செய்வது?

யோசேப்பின் சகோதரர்கள் மன்னிப்புப் பெற்று எகிப்தில் 17 வருடம் சுகமாக வாழ்ந்தார்கள். தகப்பன் யாக்கோபு இறந்ததும், "யோசேப்பு இனிப் பழிவாங்குவான்" என்று பயந்து ஆளனுப்பினார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதார் (ஆதியாகமம் 50:15-17). மன்னிப்பு கையில் இருந்தும் அதற்குள் அவர்களால் குடியேற முடியவில்லை. உங்கள் நிலை புதிதல்ல. 1 யோவான் 1:9, அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்கிறது. இரக்கமுள்ளவர் என்று மட்டும் சொல்லாமல் நீதியுள்ளவர் என்று சொல்வது ஏன் தெரியுமா? கட்டப்பட்ட கடனை இரண்டாம் முறை கேட்பது அநீதி.

இயேசுவை மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். இருவரும் வருந்தினார்கள். யூதாஸ் "பாவஞ்செய்தேன்" என்று அறிக்கையிட்டு 30 வெள்ளிக்காசைத் திருப்பியும் எறிந்தான், ஆனால் போனது ஆசாரியர்களிடம். அவர்கள் "எங்களுக்கென்ன" என்றார்கள். பேதுரு தங்கினார், காத்திருந்தார். யோவான் 21-இல் இயேசு கரிநெருப்பு போட்டு வைத்துக் காத்திருக்கிறார். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இன்னொரு இடத்தில்தான் வருகிறது: பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த முற்றத்தில். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பு. விழுந்த இடத்துக்கே கூட்டிப்போய் எழுப்பினார்.

குற்ற உணர்வு தற்கொலை எண்ணமாக மாறினால் அது ஜெபத்தோடு மட்டும் விட்டுவிடும் காரியமல்ல. அன்றே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ?

மாற்கு 3:28-30-ஐ முழுதாகப் படியுங்கள். கண்முன்னே நடந்த பரிசுத்த ஆவியின் கிரியையைத் தெரிந்தே "பிசாசின் வேலை" என்றவர்களுக்குச் சொன்னது அது. மன்னிப்பே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட நிலை. அந்தப் பாவத்தைச் செய்தேனோ என்று பயந்து கலங்குகிறவர் மன்னிப்பைத் தேடுகிறவர். அவர் அந்த நிலையில் இல்லை.

பாவத்தை யாரிடம் அறிக்கையிட வேண்டும்?

தேவனிடம், தீங்கடைந்தவரிடம். இதில் எல்லாத் திருச்சபைகளும் ஒன்றே. மூன்றாவதாக ஒருவரிடம் சொல்வதில்தான் முறைகள் வேறு. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனம்: மனச்சான்றை ஆய்ந்து, மனம் வருந்தி, திருந்தத் தீர்மானித்து, குருவிடம் அறிக்கையிட்டு, அவர் தரும் பரிகாரத்தைச் செய்வது. கனமான பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்ற விதி 1215-இன் நான்காம் லாத்தரன் சங்கத்திலிருந்து வருகிறது. கேட்டதை வெளியே சொல்லக் குருவுக்கு அனுமதி இல்லை. ஆர்த்தடாக்ஸ் முறையில் குரு சாட்சியாகப் பக்கத்தில் நிற்க, கிறிஸ்துவிடமே அறிக்கையிடுகிறார்கள். சீர்திருத்தத் திருச்சபைகளில் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து அறிக்கையிடுவது வழக்கம். யாக்கோபு 5:16 சொல்லும் "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடுவதுதான் அவற்றில் அதிகம் விட்டுப்போனது. தனக்குள்ளேயே பூட்டிவைத்த பாவம் வளரும். இரகசியம் காக்கும் ஒருவர் முன் சொன்ன பாவம் பாதி பலம் இழக்கும்.

மீட்பு என்ற சொல்லின் பொருள் என்ன?

அடகு வைத்ததை விலை கொடுத்துத் திரும்பப் பெறுவதையும் தமிழில் மீட்பது என்றே சொல்கிறோம். வேதத்தின் பொருளும் அதற்கு மிக அருகில் இருக்கிறது. லேவியராகமம் 25-இல் வறுமையால் நிலத்தை இழந்தவனுக்கு, அடிமையாக விற்கப்பட்டவனுக்கு, நெருங்கிய உறவினன் வந்து விலை கொடுத்து மீட்க வேண்டும். அவனுக்கு எபிரெயத்தில் 'கோயேல்' என்று பெயர். கணவனை இழந்த ரூத்துக்காக உறவினனான போவாஸ் செய்தது அது. மீட்பவனுக்கு மூன்று வேண்டும்: உறவு, வசதி, மனம். ரூத்தின் கதையில் இன்னும் நெருங்கிய உறவினன் ஒருவன் இருந்தான், வசதியும் இருந்தது, மனம் வரவில்லை. தேவகுமாரன் மனிதனாகப் பிறந்து நமக்கு உறவானதும், தம் ஜீவனை "அநேகரை மீட்கும் பொருளாக" (மாற்கு 10:45) கொடுத்ததும் இந்தப் பின்னணியில் படிக்கவேண்டியவை. அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று ஆதித் திருச்சபையிலேயே வாதம் நடந்தது. வேதம் அதைச் சொல்லவில்லை, விலை கொடுக்கப்பட்டது என்று மட்டும் சொல்கிறது.

கிருபையால்தான் இரட்சிப்பு என்றால் நற்கிரியைகள் எதற்கு?

எபேசியர் 2:8-9-ஐ மனப்பாடமாகச் சொல்பவர்கள் 10-ஆம் வசனத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். கிரியைகளினால் அல்ல, ஆனால் நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அந்த வாக்கு முடிகிறது. மரத்தை நடுவது கனியல்ல. நட்ட மரம் கனி கொடுக்கவில்லையென்றால் வேரைப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியில் 16-ஆம் நூற்றாண்டில் பிளவுபட்ட லூத்தரன், கத்தோலிக்கத் திருச்சபைகள் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, கிருபையினாலே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்தக் கிருபையே நற்செயல்களுக்கு நம்மை எழுப்புகிறது.

அதே பாவத்தில் மறுபடி மறுபடி விழுகிறேன். என் மனந்திரும்புதல் பொய்யா?

1517-இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வைத்த 95 கருத்துகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. ஆனால் திரும்பத் திரும்ப அழுவது மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. விழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை ஆராயுங்கள்: எந்த நேரம், எந்த இடம், யாரோடு, கையில் என்ன இருந்தது, பசியா, தனிமையா, அவமானமா. பாவத்தோடு மல்லுக்கு நிற்பதைவிட அந்த மணி நேரத்தை மாற்றுவது சுலபம். போனை வேறு அறையில் வைப்பது, ஒரு பாதையைத் தவிர்ப்பது, பணத்தைத் துணைவரிடம் கொடுத்துவைப்பது எல்லாம் ஆவிக்குரிய காரியங்கள்தான். வாரம் ஒருமுறை நேரான கேள்வி கேட்கும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். குடி, போதை, சூதாட்டம் போன்ற அடிமைத்தனமாக இருந்தால் சிகிச்சையும் வேண்டும். சிகிச்சைக்குப் போவது விசுவாசக் குறைவல்ல.

என் பிள்ளைக்கு இழைத்த தீங்கை நான் மன்னிக்கலாமா?

உங்களுக்கு வந்த வேதனையை மன்னிக்கலாம். பிள்ளையின் கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை பிள்ளைக்கே. அதை அவசரப்படுத்தவும் கூடாது.

சிறு பிள்ளைகளுக்கு மன்னிப்பை எப்படிக் கற்பிப்பது?

"மன்னிப்புக் கேள்" என்று கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்தால் அந்த வார்த்தை தப்பிக்கும் வழி என்று கற்றுக்கொள்வார்கள். என்ன செய்தாய், அவனுக்கு எப்படி இருந்திருக்கும், இப்போது எதைச் சரிசெய்யலாம் என்று மூன்று கேள்விகளைப் பொறுமையாகக் கேளுங்கள். உடைத்ததை ஒட்டவோ, எடுத்ததைத் திருப்பவோ கூடவே போங்கள். அடிபட்ட பிள்ளையிடம் உடனே "மன்னித்துவிடு" என்று கேட்காமல், அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் அவர்களிடம் தவறு செய்தபோது, குனிந்து, காரணம் சொல்லாமல், மன்னிப்புக் கேளுங்கள். பாடம் அதிகம் ஏறுவது அங்கேதான்.